சுற்றிலும் வெள்ளம்... குடிக்க?

2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த பேய்மழையை நெல்லைச் சீமையில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி பெருகி நெல்லை ஜங்ஷனே மூழ்கியது. குடிநீர்த் திட்டங்கள் பழுதாகி, சுற்றிலும் வெள்ளம் இருந்தும் குடிக்கத் தண்ணி இல்லாமல் தவித்த ஊர்கள் பல.

அதனால் தோழிகளே, மழை எச்சரிக்கை வந்ததுமே குடங்களில் நல்ல தண்ணி பிடித்து, மூடி, உயரத்தில் வைத்துவிடுங்கள். அடுப்பு மூட்டாமலே பசியாற அவல், பொட்டுக்கடலை, வெல்லம் இருக்கட்டும். ரேஷன் கார்டு, பத்திரம், மாத்திரைச் சீட்டு எல்லாம் பாலிதீன் பையில் கட்டிப் பரணில் போடுங்கள். வாசல்படிக்குத் தண்ணி வருமுன்னே மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள்.

பாபநாசம், மணிமுத்தாறு அணைகளைத் திறக்கிறார்கள் என்றால், கரையோரம் இருக்கிறவங்க பொழுது சாயும்வரை பார்த்துக்கிட்டு இருக்க வேண்டாம். பாத்திரம் பண்டம் போனால் வாங்கிக்கலாம். பிள்ளைகளோடு மேட்டுக்குப் போயிடுங்க!

- ஒரு வாசகி, பாளையங்கோட்டை