உங்களுக்குத் தெரியுமா? ஓட்டக் களத்தில் பிறந்த இளஞ்சிவப்பு நாடா

அமெரிக்காவின் பியோரியா நகரைச் சேர்ந்த சூசன் கோமன் என்னும் மாது, மார்பகப் புற்றுநோயால் 1980ஆம் ஆண்டு 36 வயதிலேயே காலமானார். இந்நோயை ஒழிக்க இயன்றதெல்லாம் செய்வதாக அவருக்கு வாக்களித்திருந்த தங்கை நான்சி பிரிங்கர், அவ்வாக்கை நிறைவேற்றும் பொருட்டு, 1982இல் டல்லஸ் நகரில் தமக்கையின் பெயராலேயே ஒரு தர்ம ஸ்தாபனத்தை நிறுவினார்.

மறு ஆண்டே அதற்காக அந்நகரில் நடைபெற்ற முதல் நிதி திரட்டும் ஓட்டத்தில் சுமார் 800 பேர் கலந்துகொண்டனர். 1984இல் நான்சியையே அந்நோய் பீடித்தது. எனினும் அவர் சிகிச்சை பெற்று மீண்டதோடு, ஓட்டமும் நகரந்தோறும் பரவலாயிற்று.

ஐந்து கிலோமீட்டர் தூரமுள்ள இவ்வோட்டங்களில் முந்துவது பிரதானமன்று. நடந்தே கடப்போரும் அநேகர். காலஞ்சென்ற ஒருவரின் ஞாபகார்த்தமாகவோ, பிணி நீங்கிய ஒருவரைக் கொண்டாடும் முகமாகவோ ஓடுவோர், அவர்தம் பெயரைக் கைப்பட எழுதிய தாளை முதுகில் குத்திக்கொள்வதால், பின்வருவோர் அப்பெயர்களைப் படித்தவாறே செல்வர்.

1991இல் நியூயார்க் ஓட்டத்தில் பங்குகொண்டோருக்கு இளஞ்சிவப்பு நாடாக்கள் வழங்கப்பட்டன. அடுத்த ஆண்டு எஸ்டீ லாடர் நிறுவனம் தன் அழகுசாதனக் கடைகளில் அத்தகைய நாடாக்களை விநியோகிக்கவே, இளஞ்சிவப்பு நாடா மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வின் சின்னமாக உலகெங்கும் பிரசித்தி பெற்றது.