கன்ட்ரோலர் கம்ப்யூட்டருடன் இணையவில்லையா? பழுது என்று முடிவு செய்யும் முன்...

"அத்தா, கன்ட்ரோலர் கனெக்ட் ஆகல!" விடுமுறை நாட்களில் நம் வீடுகளில் கேட்கும் புகார் இது. பிள்ளை கீழே போட்டு உடைத்துவிட்டான் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பிள்ளை நினைக்கிறான். குருபரப்பள்ளியிலிருந்து ஓசூருக்கோ பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கோ சென்று இன்னொன்று வாங்கினால் சில ஆயிரம் ரூபாய் செலவு. பல நேரங்களில் கன்ட்ரோலரில் பழுதே இருப்பதில்லை. கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பார்த்தால் பணமும் மிச்சம், வீண் பழியும் இல்லை.

முதலில், அதில் புளூடூத் இருக்கிறதா? வயர் இல்லாத கன்ட்ரோலர் எல்லாம் புளூடூத் கன்ட்ரோலர் அல்ல. எக்ஸ்பாக்ஸ் 360 வயர்லெஸ் கன்ட்ரோலரில் அது கிடையாது. அதற்குத் தனி ரிசீவர் வேண்டும். எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரில் பேட்டரி போடும் இடத்தில் மாடல் எண் இருக்கும். 1537, 1697 என்றால் புளூடூத் இல்லை. 2016-ல் வந்த 1708, அதற்குப் பின் வந்த 1914 ஆகியவற்றில் உண்டு. பழையதை விலை பேசும்போது இந்த எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரிலும் புளூடூத் இருக்க வேண்டும். இல்லாத டெஸ்க்டாப்புக்கு ஒரு சிறிய புளூடூத் டாங்கிள் போதும்.

இரண்டாவது, அதை 'பேரிங்' நிலைக்குக் கொண்டுவர வேண்டும். நடு பட்டனை மட்டும் அழுத்தினால், கன்ட்ரோலர் ஏற்கெனவே பழகிய கருவியைத்தான் தேடும். பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலரில் ஷேர், பி.எஸ். ஆகிய இரண்டு பட்டன்களையும், பிளேஸ்டேஷன் 5-ல் கிரியேட், பி.எஸ். பட்டன்களையும் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸில் மேல் விளிம்பிலுள்ள சிறிய பட்டனை மூன்று விநாடி அழுத்த வேண்டும். விளக்கு வேகமாக மின்னத் தொடங்கியதும், விண்டோஸ் செட்டிங்ஸில் புளூடூத் பகுதிக்குப் போய் 'ஆட் டிவைஸ்' கொடுக்கலாம்.

மூன்றாவது, பட்டியலில் பெயர் இருந்தும் இணையாத சிக்கல். முதல்முறை இணையும்போது இரு கருவிகளும் ஒரு ரகசியச் சாவியை உருவாக்கித் தமக்குள் வைத்துக்கொள்கின்றன. இடையில் கன்ட்ரோலரை வேறு கருவியுடன் இணைத்திருந்தால் அதனிடமுள்ள சாவி மாறியிருக்கலாம். கம்ப்யூட்டரோ பழைய சாவியையே வைத்திருக்கும். பட்டியலிலிருந்து பெயரை 'ரிமூவ்' செய்துவிட்டு மீண்டும் பேரிங் செய்ய வேண்டும். பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர் என்றால் பின்பக்கச் சிறு துளையில் ஊசி முனையால் சில விநாடி அழுத்தி ரீசெட் செய்யலாம்.

நான்காவது, இணைந்தும் விட்டுவிட்டு அறுந்துபோவது. முதலில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்போம். புளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் பல வைஃபை ரூட்டர்களும் இயங்குகின்றன. யு.எஸ்.பி. 3.0 கருவிகளும் கேபிள்களும் இதே அலைவரிசையில் இரைச்சலை எழுப்புகின்றன என்று இன்டெல் நிறுவனம் 2012-லேயே விளக்கியிருக்கிறது. எனவே டாங்கிளை ஹார்டு டிஸ்க் செருகிய இடத்துக்குப் பக்கத்தில் வைக்காமல், எக்ஸ்டென்ஷன் கேபிள் மூலம் முன்பக்கம் கொண்டுவருவது நல்லது. ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால் கம்ப்யூட்டரின் வைஃபையை அதற்கு மாற்றலாம். டெஸ்க்டாப்பின் பின்னால் ஆன்டெனா திருகும் இடம் காலியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பெட்டியோடு வந்த ஆன்டெனாவை மாட்டாமல் விட்டிருந்தால், வைஃபையோடு புளூடூத்தும் பலவீனமாகும்.

ஐந்தாவது, இணைந்திருக்கிறது, ஆனால் கேம் அசையவில்லை. இது புளூடூத் கோளாறு அல்ல. விண்டோஸ் கேம்கள் பல எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரின் முறையை மட்டுமே புரிந்துகொள்ளும். பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர் வைத்திருப்பவர்கள் ஸ்டீம் வழியாக கேமைத் திறந்து, அதன் கன்ட்ரோலர் அமைப்பில் பிளேஸ்டேஷன் ஆதரவை இயக்கினால் பெரும்பாலும் வேலை செய்யும்.

இவ்வளவுக்குப் பிறகும் சரியாகவில்லையா? யு.எஸ்.பி. கேபிளில் இணைத்துப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் உதவாது. டேட்டாவும் கடத்தும் கேபிள் வேண்டும். எக்ஸ்பாக்ஸ் 360 வயர்லெஸ் கன்ட்ரோலருக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது. அதில் கேபிள் சார்ஜ் மட்டுமே ஏற்றும். மற்றவை கேபிளில் வேலை செய்தால் பட்டன்களும் உள்பலகையும் நன்றாகவே இருக்கின்றன. இப்போதைக்குக் கேபிளிலேயே விளையாடட்டும். கேபிளிலும் அசைவில்லை என்றால்தான் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். அதுவரை கடைக்காரர் மீதும் பிள்ளை மீதும் பழி சுமத்தாமல் இருப்போம்.