அவுரி நீலத்தின் வரவு செலவு

திண்டிவனம் வட்டாரத்தில் விளையும் அவுரித் தழையைத் தொட்டி நீரில் ஊறப்போட்டால், இலையிலுள்ள இண்டிகான் சிதைகிறது. அந்த நீரை அடித்துக் கலக்கிக் காற்றுப் பட வைத்தால் நீலம் திரண்டு அடியில் தங்குகிறது. 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபின் இந்தத் தொழில் நொடித்துப்போனது. இரண்டிலும் சாயம் ஏற்றும் மூலக்கூறு ஒன்றே. விலையில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். 100 கிலோ பச்சைத் தழைக்கு ஒரு கிலோ நீலம்கூடத் தேறாது. இயற்கைச் சாயம் கட்டுப்படியாகாது என்று ஜவுளிக்காரர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் எந்தச் சட்டைக்குக் கட்டுப்படியாகாது?

ஒரு சட்டைத் துணிக்கு 20 கிராம் அவுரி நீலம் செலவாவதாகக் கொள்வோம். கிலோ 3,000 ரூபாய் என்றே வைத்தாலும் சாயச் செலவு 60 ரூபாய். 300 ரூபாய்ச் சட்டையை அது மூழ்கடித்துவிடும். 5,000 ரூபாய் டிசைனர் சட்டையில் அது கண்ணுக்கே தெரியாது. உண்மையான செலவு கூலியும் காலமும்தான். நீலம் நீரில் கரையாது. ஒடுக்கவினைக்கு உட்படுத்தித்தான் கரைக்க முடியும். ஆலைகள் அதற்குச் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைப் போடுகின்றன. அது உப்புகளாக மாறிக் கழிவுநீரில் சேர்கிறது. வானூர் வட்டம் ஆரோவில்லில் 1993 முதல் இயங்கும் ‘தி கலர்ஸ் ஆஃப் நேச்சர்’ போன்ற கூடங்களில் இதே வேலையை நொதித்தொட்டியின் பாக்டீரியாக்கள் செய்கின்றன. தகரை விதையும் சுண்ணாம்பும் இட்டு நொதிக்கவைப்பது தென்னாட்டு வழக்கம். தொட்டியைக் கொட்டிவிடாமல் நெடுநாள் பேணலாம். துணியைத்தான் பலமுறை முக்கி எடுக்க வேண்டியிருக்கிறது.

உலகத்து ஜீன்ஸுக்கெல்லாம் அவுரி போதாதே என்பார்கள். போதாதுதான், அத்தனை நிலத்தையும் அதற்குக் கொடுப்பது சரியுமல்ல. ஆனால் மலிவு என்று நாம் நம்பும் சாயத்தின் பில் முழுமையானதில்லை. திருப்பூரில் தோய்ப்பவை வேறு சாயங்கள் என்றாலும், நொய்யல் மாசுக்காக 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, ஆறும் விவசாயிகளும் அதுவரை சுமந்த செலவு ஒரே நாளில் முதலாளிகளின் கணக்கில் ஏறியது.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. அவுரி மானாவாரிக்கு ஏற்ற பயறுவகைச் செடி. மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கிறது, ஊறிய சக்கையும் எருவாகிறது. ஆனால் வெட்டிய தழையை வாடவிடாமல் தொட்டியில் இறக்க வேண்டும். விலை ஏறட்டும் என்று விவசாயி காத்திருக்க முடியாது. விதைக்கும்முன்பே விலை பேசி எழுதிக்கொள்ள வேண்டியது வாங்குபவரின் பொறுப்பு. தழையின் விலையை இரட்டிப்பாக்கினாலும், அந்த 5,000 ரூபாய்ச் சட்டையில் கூடுவது 60 ரூபாய்க்குள்தான்.