பெட்டைக் குதிரைக்கு ஹார்மோன் மருந்து

பந்தயக் குதிரையோ தாவல் போட்டிக் குதிரையோ, அது பெட்டையாக இருந்தால் பயிற்சியாளருக்கு வசந்த காலம் ஒரு சோதனைக் காலம். பகற்பொழுது நீளத் தொடங்கியதும் அதன் சூலகம் விழித்துக்கொள்கிறது. பிறகு கோடை முடியும் வரை ஏறத்தாழ 21 நாள்களுக்கு ஒருமுறை அது சினைப்பருவத்துக்கு வரும். அந்த ஐந்தாறு நாள்களில் சில குதிரைகள் வாலைத் தூக்கி அடிக்கடி சிறுநீர் கழிக்கும், உதைக்கும், சேணம் பூட்டவே விடா.

இதை அடக்க இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. முட்டை வெளிப்பட்ட பின் சூலகத்தில் கார்ப்பஸ் லூட்டியம் என்னும் திசு தோன்றி, புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது இரத்தத்தில் மிகுந்திருக்கும் வரை சினைப்பருவம் வராது. இதே வேலையைச் செய்யும் செயற்கைப் பொருள்தான் ஆல்ட்ரினோஜெஸ்ட். எண்ணெயில் கரைந்த இம்மருந்தைத் தீவனத்தில் கலந்தோ நாவின் மேல் விட்டோ நாள்தோறும் கொடுப்பார்கள். அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.044 மில்லிகிராம். 500 கிலோ குதிரைக்கு வெறும் 22 மில்லிகிராம்!

நலமான குதிரை பொதுவாக இதைத் தாங்கிக்கொள்கிறது. கருப்பையில் நோய்த்தொற்று உள்ள குதிரைக்கோ இது ஆகாது. புரோஜெஸ்டிரோன் கருவைக் காக்கும் ஹார்மோன் அல்லவா? அது கருப்பை வாயை இறுக மூடும். கருப்பையின் எதிர்ப்புச் சக்தியையும் தளர்த்தும். உள்ளே கிருமி இருந்தால் அதற்குக் கொண்டாட்டம்தான்.

குதிரையை விட அதிகம் அஞ்ச வேண்டியவர் மருந்தை ஊற்றுகிறவரே. கையில் சிந்திய எண்ணெய் தோல் வழியே உடலுக்குள் ஊறிவிடும். பெண்களுக்கு மாதவிலக்கு முறைகெடும். கருவுற்றவர்களும், இரத்தம் உறையும் நோய் கண்டவர்களும் இதைத் தொடவே கூடாது. லேடெக்ஸ் கையுறை இதைத் தடுக்காது என்பது பலருக்குத் தெரிவதில்லை; நைட்ரைல் அல்லது வினைல் உறை வேண்டும். லாயத்தில் வேலை செய்பவரிடம் இதைச் சொல்லாமல் புட்டியை மட்டும் நீட்டுவது பெரும் தவறு.

இன்னொரு மருந்தின் கதை வேறு. மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் அசிட்டேட், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெண்களுக்குப் போடப்படும் கருத்தடை ஊசி மருந்து. அமெரிக்காவில் இதைப் போட்டிக் குதிரைகளுக்குப் பல ஆண்டுகள் போட்டுவந்தார்கள். காயடித்த ஆண் குதிரைகளுக்கும் கூட! சாதுவாக்கும் என்பது நம்பிக்கை. சோதித்துப் பார்த்தபோது பெட்டைகளின் சினைப்பருவத்தைக்கூட அது நிறுத்தவில்லை. ஊசிக்குப் பின் கடும் ஒவ்வாமையும் சாவும் நேர்ந்ததாகப் புகார்கள் எழ, அமெரிக்கக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2019 டிசம்பர் 1 முதல் தன் போட்டிகளில் இதைத் தடை செய்தது.

முரண்டு பிடிக்கும் பெட்டைகளுக்கெல்லாம் ஹார்மோன்தான் காரணம் என்பதும் சரியல்ல. கால்வலி, வயிற்றுப்புண், பொருந்தாத சேணம் ஆகியவையும் இதே குணத்தைக் காட்டும். சில வேளைகளில் சூலகத்தில் கிரானுலோசா செல் கட்டி வளர்ந்து, பெட்டை ஆண் குதிரையைப் போலச் சீறும். அதற்கு எந்த மருந்தும் உதவாது. கட்டியுள்ள சூலகத்தை அறுத்தெடுத்தால், ஒடுங்கிக் கிடந்த மற்றச் சூலகம் சில மாதங்களில் மீண்டும் வேலை தொடங்கும்.