குணமாகும் வரை படிப்பு காத்திருக்க வேண்டுமா?

மனநோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் பிள்ளையிடம் பெற்றோர் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "முதல்ல முழுசா குணமாகட்டும், படிப்பைப் பிறகு பார்த்துக்கலாம்." அக்கறையில் வரும் பேச்சுதான். ஆனால் அந்தப் 'பிறகு' பல வீடுகளில் வருவதே இல்லை. மனச்சிதைவும் இருமுனைக் கோளாறும் பெரும்பாலும் பட்டம் வாங்கும் வயதில்தான் தலைகாட்டுகின்றன. எல்லா அறிகுறிகளும் ஓயட்டும் என்று காத்திருந்தால் அந்த வயதே போய்விடும்.

நோயின் தீவிரம் தணிந்து, டாக்டரும் சரி என்றால், படிப்பைத் தொடங்கிவிடுவது நல்லது. காலையில் எழுந்து போக ஓர் இடம், பேச நாலு பேர், பிடிபடாத கணக்கு ஒன்று பிடிபடும்போது பொங்கும் சந்தோஷம்: இவை எந்த மருந்துச்சீட்டிலும் கிடைக்காதவை. இங்கிலாந்தில் 2009-இலிருந்து 'மீட்சிக் கல்லூரிகள்' இயங்குகின்றன. நோயை அனுபவித்தவர்களே மனநலப் பணியாளர்களோடு சேர்ந்து பாடம் வகுத்து நடத்துகிறார்கள். அங்கே வருபவருக்கு மாணவர் என்றுதான் பெயர்.

நம் நாட்டில் சட்டம் துணை நிற்கிறது. அதைக் கேட்டுப் பெறுபவர்கள்தான் குறைவு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் பெற்றவர், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான 5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம். வயது வரம்பிலும் 5 ஆண்டு தளர்வு உண்டு. 'ஊருக்குத் தெரிந்துவிடுமே' என்ற பயத்தில் பலர் சான்றிதழே வாங்குவதில்லை. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. வாங்குவதும் வாங்காததும் அவரவர் முடிவு. ஆனால் ஒன்று: 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை விவரங்கள் ரகசியம். உயிராபத்து போன்ற சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் சம்மதமின்றி மருத்துவமனை அவற்றைக் கல்லூரிக்குத் தரக்கூடாது.

ஆபத்துகளையும் சொல்லியாக வேண்டும். வகுப்பில் தூக்கம் வருகிறது என்று மாத்திரையைத் தானாக நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. நோய் பழைய வேகத்தில் திரும்பக்கூடும். மாத்திரை சாப்பிடும் நேரத்தையோ அளவையோ மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பரீட்சைக்கு விடிய விடியக் கண்விழிப்பதும் கூடாது. இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்குத் தூக்கம் கெடுவதே மனஎழுச்சி நிலையைக் கிளப்பிவிடும். முதல் பருவத்தில் எல்லா அரியரையும் சேர்த்து எழுதத் துணியாதீர்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு பாதியில் நின்றவர்களுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நல்ல வழி. பதிவு 5 ஆண்டுகள் செல்லும். ஒவ்வொரு பாடமாக எழுதித் தேறலாம்.

நோயைக் காரணம் காட்டிக் கல்லூரி இடம் மறுத்தாலோ வெளியேறச் சொன்னாலோ, வாய்ப்பேச்சோடு திரும்பிவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதை இணைத்து மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் புகார் அனுப்புங்கள். வழக்கறிஞர் வேண்டுமென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே உதவி கேட்கலாம்.

படிப்புக்கு நடுவே மனம் தடுமாறினால், வாழ்வே வேண்டாமென்று தோன்றினால், எந்த நேரமானாலும் அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. வீட்டில் இருப்பவர்களும் அழைத்து யோசனை கேட்கலாம்.