தண்ணீருக்கு வழி விடுவோர்

கலிபோர்னியாவின் வட பகுதியில், யூபா நதியின் வடகிளையோடு டௌனி ஆறு வந்து கலக்கும் இடத்தில், சுமார் 300 பேரே வசிக்கும் டௌனிவில் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1849ஆம் ஆண்டில் பொன் தேடி வந்த பெருங்கூட்டம் உண்டாக்கிய ஊர் அது. மலைச்சரிவுகளில் இருந்த சுரங்க முகாம்களுக்கு உணவும் கருவிகளும் சுமந்து சென்ற கோவேறு கழுதைகளின் குளம்புகளே அப்பிரதேசத்து ஒற்றையடிப் பாதைகள் பலவற்றை முதலில் வகுத்தன. பொன் அருகிற்று, அதன்பின் ஊரைத் தாங்கிய மரத்தொழிலும் நாளடைவில் க்ஷீணித்தது, போவோர் வருவோர் குறைந்த பாதைகளின்மேல் புதர் மூடிற்று, மரங்கள் குறுக்கே சாய்ந்தன, மழைநீர் அவற்றை ஓடைகளாக அறுத்தது.

அவ்வாறு கைவிடப்பட்ட வழிகளுக்கு மறுபடியும் ஜீவன் அளித்தவர்கள், பருத்த டயர் பூட்டிய மலைச் சைக்கிளில் காட்டு வழிகளைக் கடப்பதில் பிரியங்கொண்ட தொண்டர்கள். 2003ஆம் ஆண்டில் அங்கே தோன்றிய சியர்ரா பியூட்ஸ் டிரெயில் ஸ்டூவர்ட்ஷிப் என்னும் தர்ம ஸ்தாபனம், ஊதியம் பெறும் பணியாளரோடு, விடுமுறை நாளில் மண்வெட்டி பிடிக்க வரும் தொண்டர்களையும் சேர்த்துக்கொண்டு, கழுதைகள் நடந்த வழிகளைச் சக்கரங்களுக்கும், கால்நடையாகச் செல்வோருக்கும், குதிரைகளுக்கும் உரியவையாக ஆக்கி வருகிறது. டௌனிவில் கிளாசிக் என்னும் சைக்கிள் பந்தயத்தின் வருவாயும் இப்பணிக்கே பயன்படுகிறது.

பாதை எதனால் கெடுகிறது என்று வினவினால், சக்கரங்களால் என்றே பலரும் விடை சொல்லக்கூடும். ஆனால் அதைவிடப் பெரிய சத்துரு தண்ணீர். சக்கரம் பதித்த தடம் விரலளவு ஆழமே ஆயினும், மழைநீர் அதில் இறங்கி, வெளியேற இடம் காணாமல் பாதையின் நீளத்திலேயே ஓடி, ஓட ஓட வேகம் மிகுந்து, மண்ணைக் கரைத்து, வேரையும் கல்லையும் வெளிக்காட்டிப் பள்ளமாக்கிவிடுகிறது. அப்பள்ளத்துக்கு அஞ்சி ஓரமாகச் செல்வோர் செடிகொடிகளை மிதிக்க, ஒரு தடம் இருந்த இடத்தில் மூன்று தடங்கள் உண்டாகின்றன. ஆகவே, தண்ணீரைப் பாதையில் தங்கவிடாது புறத்தே அனுப்புவதுதான் இத்தொழிலின் சூட்சுமம்.

அதற்குப் பிரமாணங்கள் உண்டு. 1988ஆம் ஆண்டில் தோன்றிய சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம், பாதையின் சாய்வு அது கடக்கும் மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேற்படலாகாது என்றும், பாதை முழுவதற்கும் சராசரி ஏற்றம் 100 அடிக்கு 10 அடியளவில் அடங்குவது நலம் என்றும் போதிக்கிறது. தளம் பள்ளப்புறமாகச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். நாள்பட்ட நடமாட்டத்தால் வெளிவிளிம்பில் வரப்புப்போல் உயர்ந்த மண்ணை வெட்டி அகற்ற வேண்டும். இடையிடையே சிறு தாழ்வுகள் அமைத்து நீரை இறக்கிவிட வேண்டும். ஊற்று கசியும் இடங்களில் கல் பாவ வேண்டும்.

இவ்வளவுக்கும் வேண்டிய கருவிகள் எளியவையே. ஒருபுறம் கோடரியும் மறுபுறம் கொத்துமாக அமைந்தது புலாஸ்கி; 1910ஆம் ஆண்டில் ஐடஹோ மாகாணத்தை எரித்த பெருந்தீயில், தம்மோடு இருந்த தீயணைப்போரைச் சுரங்கம் ஒன்றினுள் செலுத்திப் பெரும்பாலோரைக் காப்பாற்றிய வன அதிகாரி எட் புலாஸ்கியின் பெயரை அது தாங்கியிருக்கிறது. ஒருபுறம் வெட்டவும் மறுபுறம் வாரவும் உதவும் மக்லியோட், 1905ஆம் ஆண்டில் சியர்ரா தேசிய வனத்தில் பணியாற்றிய ஓர் அதிகாரி செய்தது. காட்டைத் தீயினின்று காக்கப் பிறந்த கருவிகளே காட்டு வழிகளையும் காக்கின்றன என்பது விசேஷமானது.

தீயோ இன்னும் ஓயவில்லை. 2021ஆம் ஆண்டில், இப்பாதைகளுக்கு வடக்கே மூண்ட டிக்சி தீ 9,60,000 ஏக்கருக்கு மேல் எரித்து, கிரீன்வில் என்ற ஊரையும் அழித்தது. காடு எரிந்தபின் பட்ட மரங்கள் வருஷக்கணக்கில் பாதையின் குறுக்கே விழுகின்றன. வேர் வெந்த இடங்களில் நிலம் உள்வாங்குகிறது. பற்றிக்கொள்ளப் புல்லற்ற மண் முதல் மழையிலேயே வழிந்து செல்கிறது. ஒருமுறை செய்து முடிக்கும் காரியமன்று இது. ஆண்டுதோறும் செய்தாக வேண்டியது.

நம் முன்னோர் குடிமராமத்து என்ற பெயரால், பாசனம் பெறுவோர் அனைவரும் கூடி வாய்க்கால் தூர்வாரும் முறையைப் போற்றி வந்தார்கள். அம்முறையின் தர்மமும் டௌனிவில் தொண்டர்களின் தர்மமும் ஒன்றே. பொதுவழி ஒன்றில் ஆண்டு முழுவதும் இன்பமாகச் செல்பவர், அதற்கு ஒரு நாள் உழைப்பையேனும் அளிக்கக் கடமைப்பட்டவர். நாம் நாள்தோறும் நடக்கும் வழிக்கு அந்த ஒரு நாளை நாமும் இவ்வாண்டு கொடுப்போமாக.