பைன் ஊசியும் அரசாங்கப் பணமும்

மே மாதம் பள்ளி விடுமுறை விட்டதும் தில்லியில் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் பல முசௌரிக்கும் நைனிதாலுக்கும் புறப்பட்டுவிடுவது வழக்கம். மலையெங்கும் புகை மண்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன ஸார், காடு இப்படி எரிகிறதே, அரசாங்கம் பணம் ஒதுக்குவதில்லையா?" என்று தேராதூன்வாசியான என்னிடம் கேட்பார்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வருகிறேன். ஒரே தடவையாக எழுதியே விடலாமே என்று தோன்றியது.

முதலில் மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உத்தராகண்ட் மலைகளில் சுமார் 4 லட்சம் ஹெக்டேரில் பைன் மரங்கள் நிற்கின்றன. இங்குள்ளவர்கள் 'சீட்' என்பார்கள். அதன் ஊசியிலைக்குப் 'பிரூல்' என்று பெயர். மார்ச் முதல் ஜூன் வரை பிரூல் உதிர்ந்து தரையில் மெத்தை போலப் படிகிறது. பிசின் நிறைந்தது, எளிதில் மக்காது, ஒரு பீடித் துண்டு போதும். வயலில் செத்தையை எரிக்கும்போது பறக்கும் பொறியும் போதும். தீ தானாகப் பிடிப்பது அபூர்வம். பெரும்பாலும் மனிதன் கைதான் காரணம்.

ஆகவே தீயை அணைப்பதைவிட அது பரவாமல் தடுப்பதே பெரிய வேலை. காட்டின் நடுவே அகலமான தீத்தடுப்புக் கோடுகளைச் சுத்தம் செய்து வைக்க வேண்டும். குளிர்காலத்திலேயே சருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுப்பாட்டோடு எரித்துவிட வேண்டும். தீப்பருவத்துக்கு மட்டுமாவது காவலர்களை அமர்த்த வேண்டும். எல்லாம் கூலி வேலை. இயந்திரம் ஏறாத சரிவுகள். கூலி கொடுக்கக் கையில் ரொக்கம் வேண்டும்.

இங்கேதான் சிக்கல். இம்மாநிலத்தில் தீப்பருவம் பிப்ரவரி 15இல் தொடங்கி ஜூன் 15இல் முடிகிறது. அரசாங்கத்தின் நிதியாண்டோ மார்ச் 31இல் முடிகிறது! பருவத்தின் நட்டநடுவில் கணக்குப் புத்தகத்தை மூடிப் புதிதாகத் திறக்கிறார்கள். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த நம்மவர்களுக்கு ஏப்ரல் மாதத்தில் புது ஒதுக்கீடு எந்த வேகத்தில் வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மத்திய அரசின் காட்டுத் தீத் தடுப்புத் திட்டத்தில் இமயமலை மாநிலங்களுக்கு 90 சதவீதப் பணம் தில்லியிலிருந்து வருகிறது. மற்ற பெரும்பாலான மாநிலங்களுக்கு 60 சதவீதம்தான். தாராளமான பங்குதான். ஆனால் ஆண்டுத் திட்டம் போக வேண்டும், ஒப்புதல் வர வேண்டும், முந்தைய பணத்துக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். பிரூல் இதற்கெல்லாம் காத்திருப்பதில்லை.

2024ஆம் ஆண்டு கோடையில் விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 10 கோடி ரூபாய் கேட்ட மாநிலத்துக்கு 3.15 கோடி மட்டும் கொடுத்தது ஏன் என்று மே மாதம் நீதிபதிகள் கேட்டார்கள். வன ஊழியர்களைத் தேர்தல் வேலைக்கு அனுப்பியதையும் கண்டித்தார்கள். அதற்கு முன்பே ஏப்ரலில் விமானப்படை ஹெலிகாப்டர் பீம்தால் ஏரியில் தண்ணீர் மொண்டு நைனிதால் காடுகள் மேல் கொட்டியிருந்தது. 2016இல் 4 ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் எரிந்தபோதும் இதேதான் நடந்தது. ஹெலிகாப்டர் பறப்பது எல்லாருக்கும் தெரிகிறது. டிசம்பரில் ஒருவர் மண்வெட்டியோடு கோடு வெட்டுவதை யார் பார்க்கிறார்கள்? 2024 ஜூன் 13 அன்று அல்மோடா பக்கம் பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கப் போன வனத்துறைப் பணியாளர்கள் நால்வர் அங்கேயே கருகி இறந்தார்கள்.

பணமே இல்லையென்று சொல்லவும் முடியாது. சுரங்கத்துக்கும் சாலைக்கும் அணைக்கும் காட்டை எடுத்துக்கொள்பவர்கள் ஈடாகக் கட்டும் தொகை ஒன்று உண்டு. 'காம்பா' நிதி என்பார்கள். இதன் வேர் நம் நீலகிரியில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கூடலூர்க் காடுகள் அழிவதைப் பொறுக்காமல் நிலம்பூர் அரச குடும்பத்து கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் போட்ட வழக்கு நாடு முழுவதற்குமான வன வழக்காக விரிந்தது. அதன் கிளையாகத்தான் இந்த நிதி முளைத்தது. 2016இல் சட்டம் வந்தது. 2019 ஆகஸ்டில் 27 மாநிலங்களுக்கு 47,436 கோடி பிரித்துக் கொடுக்கப்பட்டது. உத்தராகண்டுக்கு 2,675 கோடி. தீத்தடுப்புக்கும் இதிலிருந்து செலவழிக்க விதி இடம் தருகிறது. ஆனால் 2025 பிப்ரவரியில் சட்டசபையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, 2019 முதல் 2022 வரை 13.86 கோடி ரூபாய் வேறு காரியங்களுக்குத் திருப்பப்பட்டதாகச் சொல்கிறது. ஐபோன், மடிக்கணினி, குளிர்சாதனப் பெட்டி, கட்டடப் பழுதுபார்ப்பு என்று பட்டியல் போகிறது. தீயணைக்கக் கேட்ட 10 கோடியைவிட இது பெரிய தொகை என்பதை வாசகர்களே கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

பிரூலையே விலைக்கு வாங்கிவிடலாம் என்பது இன்னொரு யோசனை. கிலோவுக்கு 3 ரூபாய் கொடுத்துவந்தார்கள். செங்குத்தான சரிவில் இருபது கிலோ சுமந்து சாலைக்குக் கொண்டுவரும் பெண்ணுக்கு அறுபது ரூபாய்! யார் வருவார்கள்? 2024 மே மாதம் இதை 50 ரூபாயாக்குவதாக முதலமைச்சர் அறிவித்தார். என் கருத்தில் மற்ற எல்லாத் திட்டங்களையும்விட இதுதான் சரியான திசை. பணம் நேராகக் கிராமத்துக்குப் போகிறதல்லவா?

ஏனெனில் காட்டுக்கும் கிராமத்துக்கும் உள்ள உறவு இங்கே பழைய கதை. வெள்ளைக்காரர்கள் குமாவுன் காடுகளை எடுத்துக்கொண்டபோது, 1921இல் மக்களே பைன் காடுகளுக்குத் தீ வைத்தார்கள். அதன் பிறகுதான் 1931இல் வன பஞ்சாயத்துகள் சட்டப்படி பிறந்தன. இன்று 11 ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. பலவற்றுக்குச் சொந்தமாக ஒரு காசு வருமானம் கிடையாது.

ஆனால் அல்மோடா மாவட்டத்தில் ஷீத்லாகேத் பக்கத்துக் கிராமங்கள் பெரிய நிதி எதற்கும் காத்திருக்கவில்லை. வயல் வரப்புச் செத்தையை எரிக்கும் வேலைக்கு அங்கே 'ஓண்' என்று பெயர். அதை மார்ச் 31க்குள் முடித்துவிட வேண்டும் என்று தங்களுக்குள் கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். ஏப்ரல் 1 அவர்களுக்கு 'ஓண் தினம்'. அதற்குமேல் யாரும் தீப்பெட்டியைத் தொடுவதில்லை. காட்டில் புகை தெரிந்தால் பெண்கள் பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டு முதலில் ஓடுகிறார்கள். இப்போது அந்த முறையைப் பார்த்து வர வனத்துறை தன் ஆட்களையே அங்கு அனுப்புகிறது.